கடைசி வண்டிக்கு முதல் உரிமை

என் வீட்டுக்காரர் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர் ஆளை உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு, வாய்க்குச் சொந்தக்காரர் கறுப்பா சிவப்பா என்றுகூடத் தெரியாமல், முழுப் பல் செட்டையும் செய்து அனுப்புகிறவர் இவர். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை, ஒரு விளக்கு, மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, அலமாரி முழுக்க அடுத்தவர்களின் தாடைகள். முதல் தடவை அங்கே போனபோது அத்தனை வாயும் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. செட் நன்றாகப் பொருந்திவிட்டால் இவருக்கு ஒரு தகவலும் வராது. பொருந்தாவிட்டால்தான் வரும். 'கீழே இடப்பக்கம் உறுத்துகிறதாம்' என்று டப்பா திரும்பி வரும். "சரியா இருக்கா?" என்று ஆளைப் பார்த்துக் கேட்கிற கொடுப்பினை டாக்டருக்கு. இவருக்குப் புகார் மட்டும்.

என் பிழைப்பு அப்படியில்லை. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்கிறேன். இடுப்பைப் பிடித்தாலும் தோளைத் தளர்த்தினாலும், வந்தவர்கள் போட்டுப் பார்த்து, ஆளுயரக் கண்ணாடி முன்னால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் போவார்கள். பிடித்திருந்தால் முகம் சொல்லிவிடும். பிடிக்காவிட்டால் வாய் சொல்லும். ஆனால் பாருங்கள், இத்தனை வருஷத்தில் இவர் கையால் செய்த எதையும் நான் உபயோகித்ததில்லை. என் பல்லெல்லாம் இன்னும் என் சொந்தப் பல்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் ரேஸ் கார் ஓட்டுகிறார் என்றால் நம்புவீர்களா? ஒன்றரைச் சாண் நீளக் கார், கையில் ரிமோட். பல் சாமான் வாங்குகிற கடைக்குப் பக்கத்திலேயே ரிமோட் கார் கடை இருந்தது விதி. ஒரு நாள் மெழுகுக் கட்டிகளோடு பெரிய அட்டைப்பெட்டி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியின் மேல் சிவப்புக் கார் ஒன்று புகை கிளப்பிக்கொண்டு வளைவில் பறந்தது. திறந்து பார்த்தால் உள்ளே காரே இல்லை. பை பையாகத் திருகாணிகள், சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் துண்டுகள், ஒரு மோட்டார், கண்ணாடி மாதிரி ஒரு மேல்கூடு, தடிமனான கையேடு.

"நல்லா ஏமாத்தி அனுப்பிட்டாங்க. காரையே காணோம்!" என்றேன்.

"கார் இனிமேதான் வரும். நாமதான் கட்டணும். இதுக்குப் பேர் கிட்."

"நாள் பூரா கையொடிய வேலை பாக்குற ஆளு, கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் வேலை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?"

அவர் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். எட்டிப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது, அது என் பிறவிக் குணம். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு துண்டையும் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய தழும்பைத் தேய்த்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் திருகாணி முடுக்குவது தனி வித்தை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கால் திருப்பு கூடிப்போனால் உள்ளே மரை அழிந்துவிடும். பிறகு அந்தத் திருகாணி ஆயுசுக்கும் நிற்காது. இவர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் விரலை எடுத்துவிடுவார். மேல்கூட்டுக்கு உள்பக்கத்தில்தான் பெயின்ட் அடிக்க வேண்டுமாம், வெளியே அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்துவிடுமாம். அதனால் எல்லாமே தலைகீழ். மேலே தெரிய வேண்டிய கோட்டை முதலில் போட்டு, அடி நிறத்தைக் கடைசியில் அடிக்க வேண்டும். ஓரத்தை வளைத்து வெட்ட என் கத்தரியைக் கேட்டார். துணி வெட்டுகிற கத்தரியைப் பிளாஸ்டிக்குக்குக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? மழுங்கிய பழைய கத்தரி ஒன்றை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தேன். அந்தக் காரில் என் கை பட்ட இடம் அது மட்டும்தான்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும். மரச்சாமான் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர், சோபாக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் தரைவிரிப்பை விரித்து, பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் போட்டுப் பாதை அமைப்பார். நடுவரும் அவரேதான். சுமை இறக்குகிறவர்களை அதட்டிப் பழகிய தொண்டை, மைக் வேண்டியதில்லை. ஓட்டுகிறவர்கள் வரிசையாக மேசைகளின்மேல் ஏறி நிற்பார்கள். நரைத்த தலையும் தொந்தியுமாக ஆட்கள் மேசைமேல் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டு ரிமோட்டைத் திருகுவதைப் பார்ப்பதற்கென்றே நானும் கூடப் போவேன்.

அந்தக் கிடங்கில் ஒரு விநோதமான விதி இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஒருவர் விலை உயர்ந்த சாமான்களாக வாங்கி மாட்டி, வாராவாரம் ஜெயித்து, மற்றவர்களுக்கு ஓட்டுகிற ஆசையே போய்விட்டதாம். அதற்காக வந்த விதி இது: ஜெயித்த வண்டியை மேசைமேல் வைக்க வேண்டும். அதே பந்தயத்தில் ஓடிய யார் வேண்டுமானாலும், பிரிக்காத புது கிட் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்த வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்தவர் மறுக்கக் கூடாது. பெட்டியை மட்டும் பந்தயத்துக்கு முன்பே எல்லார் கண்ணும் படும்படி மேசைமேல் வைத்துவிட வேண்டும். இரண்டு பேர் பெட்டி வைத்திருந்தால், அவர்களில் பந்தயத்தைக் கடைசியாக முடித்தவருக்கு முதல் உரிமை. போய்விடக்கூடிய வண்டியில் யாரும் தங்கத்தைக் கொட்ட மாட்டார்கள் அல்லவா? விதி நன்றாகவே வேலை செய்தது. பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை, முகத்துக்கு நேரே கேட்கக் கூச்சம்.

கூச்சமே இல்லாதவர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "அக்கா, நான் ஃப்ரேம் ஸ்க்ரூவோடயே குடித்தனம் நடத்துறவன். அண்ணன் வண்டியில ஒரு ஸ்க்ரூகூட ஆடாது. அண்ணன் என்னைக்கு ஜெயிக்கிறாரோ அன்னைக்கு அது எனக்கு" என்று என்னிடமே சொல்லுவார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைப்பார், இவர் ஜெயிக்காததால் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார். பெட்டியின் மூலைகள் நசுங்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் பழுத்தே போயிற்று.

இவர்தான் ஜெயிப்பதே இல்லையே. எப்போதும் இரண்டாவது. வருஷக்கணக்கில் இரண்டாவது. கிடங்கில் இவருக்குப் பெயரே 'சில்வர் சார்'. வீட்டுக்கு வந்ததும் நான் டீ போட்டுக் கொடுத்து, "பரவாயில்லைங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பேன். பாவம்போலத் தலையை ஆட்டிக்கொண்டு குடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லாமல் இவர் நின்ற மேசைக்கு நேர் பின்னாலேயே நிற்க வேண்டி வந்தது. என் தையல் மெஷினுக்கும் மோட்டார்தான். பெடலில் கால் லேசானால் அதன் சத்தம் எப்படி இறங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கடைசிச் சுற்றில் இவர் வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்தது. அங்கே அந்தச் சத்தம் கேட்டது. வளைவில் சத்தம் இறங்கினால் நியாயம். கண்ணுக்கெதிரே முடிவுக் கோடு தெரியும்போது விசையில் விரல் எதற்கு லேசாகிறது? பின்னால் வந்த பஸ் கண்டக்டர் ஒருவரின் வண்டி ஒரு சாண் முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டியது. இவர் வழக்கம்போலத் தலையைத் தொங்கப்போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "ஏங்க, வேணும்னே விட்டீங்களா?"

"எதை?"

"விரலை."

கருவிப்பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் பதில். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எத்தனை டீ! எத்தனை 'பரவாயில்லைங்க'! அத்தனை ஆறுதலையும் கூச்சநாச்சமில்லாமல் வாங்கிக் குடித்திருக்கிறாரே இந்த மனுஷன்! வீடு வரும்வரை நான் வாயை மூடவே இல்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்று டீ கிடையாது என்று தெரிந்து அவரே போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஜெயிச்சா மேசை மேல வைக்கணும்ல. வெச்சா கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிடுவாரு."

"போனா போகட்டுமே. புதுப் பெட்டி கிடைக்குதில்ல? இன்னொண்ணு கட்டுங்க. கட்டுறதுதானே உங்களுக்கு உசிரு?"

டம்ளரைக் கீழே வைத்தார். "நான் செய்யுறது எல்லாமே அடுத்தவங்க வாய்க்குள்ள போயிடுது. போனது எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு ஒண்ணும் தெரியாது. ரோட்டுல யாராச்சும் சிரிச்சா, இது நம்ம கட்டினதா இருக்குமோன்னு உத்துப் பாப்பேன். கிட்ட போய்க் கேக்கவா முடியும்? நான் செஞ்சு என்கிட்டயே நின்னது அது ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் போகிறவர்கள் வாயை இவர் உற்றுப் பார்ப்பதை நினைத்து வந்த சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் கூட இருந்தும் எனக்கு இது தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. இவர் அந்த ஒரு வண்டிக்குப் பிறகு வேறு கிட் கட்டவே இல்லை. கடைக்குப் போனால் புதுப் பெட்டிகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு வைத்துவிட்டு வருவார். தோற்றுத் தோற்று ஒரு வண்டியைக் காப்பாற்றப் போய், ஆசைப்பட்ட வேலையையே நிறுத்திவைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. மறுநாளே ரிமோட் கார் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா பறக்கிற கார்ப் படம் போட்ட பெட்டிகளாக எடுத்து வைத்தாள்.

"படத்தை விடும்மா. பொம்மைக்குப் போட்டிருக்கிற சட்டையைப் பாத்தா நான் துணி எடுக்கிறேன்? உள்ள என்ன இருக்குன்னு சொல்லு."

அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது. கையேடுகளையே விரித்துக் காட்டினாள். ஒன்று ரப்பர் பெல்ட்டில் ஓடுவது. சத்தமே வராதாம். ஆனால் தரைவிரிப்புப் பிசிறு பெல்ட்டுக்குள் புகுந்தால் அவ்வளவுதானாம். நாள் முழுக்க மெஷினிலிருந்து நூல் பிசிறு பிடுங்குகிறவள் நான், அந்தச் சனியன் எனக்கு வேண்டாம். இன்னொன்று முழுக்க அலுமினியம், பார்க்கக் கண்ணைப் பறித்தது. உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்குமா என்றேன், அவள் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது சாதாரணக் கறுப்பு பிளாஸ்டிக். நடுவில் நீளமாக ஒரு தண்டு. தண்டின் இரண்டு முனையும் முன்னும் பின்னும் இருக்கும் பல்சக்கரங்களைச் சுற்ற, நாலு சக்கரமும் ஓடும். இவருடைய வண்டியும் இதே ரகம்தான்.

"எங்க இடிச்சாலும் முதல்ல சக்கரத்தைத் தாங்குற இந்தக் கைதான் உடையும். இது மட்டும் தனியா கிடைக்கும்" என்றாள்.

"சரி, இதுவே ரெண்டு பெட்டி குடு."

"ரெண்டா?"

"ஒண்ணு கட்டுறதுக்கு. ஒண்ணு கட்டாம வைக்கிறதுக்கு."

கட்டாத பெட்டியை, வாடிக்கைக்காரர்கள் வாங்காமல் விட்டுப்போன துணிகளுக்கு அடியில் ஒளித்தேன். கட்டுகிற பெட்டியை அவர் கண்ணெதிரே மேசையில் கொட்டினேன். கோபத்தில் தன்னைத் தோற்கடிக்கக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நானும் ஆமாம் இல்லை என்று சொல்லவில்லை.

"கை வெச்சீங்கன்னா இருக்கு" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி நின்றார். நான் ஒரு திருகாணியை அதிகமாக முடுக்கும்போதெல்லாம் அவருக்கு வலித்தது. நாலைந்து மரைகளை அழித்தேன், ஒரு பேரிங்கை மேசைக்கடியில் உருட்டிவிட்டேன். ஆனாலும் வண்டி என்று ஒன்று உருவானது. என் கையாலேயே ஊதா நிறம் அடித்து, தாழ்வாரத்தில் வைத்து, ரிமோட்டின் விசையை அழுத்தினேன்.

வண்டி கத்தியது. நடுங்கியது. நாலு சக்கரமும் சுழன்றன. ஆனால் இருந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடைக்கு மேல் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் கத்தியது.

அவர் குனிந்து பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "பின்சக்கரம் முன்னாடி தள்ளுது, முன்சக்கரம் பின்னாடி தள்ளுது. கல்யாணமான புதுசுல நாம இருந்த மாதிரியே இருக்குடீ!"

"சிரிச்சது போதும். என்ன தப்புன்னு சொல்லுங்க."

"முன்பக்கத்துக் கியர் பெட்டிக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம் இந்தப் பக்கம் உக்காரணும். நீ அந்தப் பக்கம் உக்கார வெச்சிட்டே. அதான் தலைகீழா சுத்துது. இந்த ரகம் கட்டுற எல்லாரும் ஒரு தடவையாவது பண்ற தப்பு."

"நீங்களுமா?"

"நீ தூங்கினப்புறம் பண்ணினேன்" என்றார். நாலு திருகாணியைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு மூடினேன். வண்டி ஓடியது. எங்கே போக வேண்டுமோ அதைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் ஓடியது.

வருஷக் கடைசிப் பந்தயத்தன்று கண்ணாடிக்கடைக்காரர் தன் பழுத்த பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நான் பையிலிருந்து என் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"இது எதுக்கும்மா?" என்றார் கிடங்குக்காரர்.

"அது எதுக்கோ இதுவும் அதுக்குத்தான்."

என் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். என் கணக்கு எளிமையானது. இவர் ஜெயிக்க வேண்டும், நான் கடைசியாக வர வேண்டும். நான் ஓட்டுகிற லட்சணத்துக்குக் கடைசி இடம் எழுதிவைத்தது மாதிரி என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்கடைக்காரர் என் காதருகில் வந்து, "கடைசியா வர்றவங்களுக்குத்தானே முதல் உரிமை? எனக்கும் மெதுவா ஓட்டத் தெரியும்க்கா" என்று பல்லைக் காட்டினார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. அவர் நன்றாக ஓட்டுகிறவர், மெதுவாகவும் நன்றாகவே ஓட்டுவார். நானோ எதிலாவது மோதி நின்றுவிடுவேன். நின்ற வண்டிக்கு நடுவர் ஐந்து எண்ணுவார், அதற்குள் நகராவிட்டால் பந்தயத்திலேயே இல்லை என்று அர்த்தம். பெட்டி வைத்ததும் வீண், வந்ததும் வீண். அதைவிட மோசம், என்னை நம்பி இவர் விரலை எடுக்காமல் ஜெயித்துத் தொலைத்தால் வண்டியும் போய்விடும்.

பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சோபாவில் உட்கார்ந்து வண்டியைக் கவிழ்த்தேன். முன்பக்கத்துக் கியர் பெட்டியின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். இவர் பதறிக்கொண்டு வந்தார்.

"என்ன பண்றே? இப்ப கூப்பிட்டுருவாங்க." பிறகு குனிந்து பார்த்தார். "அதைத் தப்பான பக்கம் மாட்டுறே."

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க இன்னைக்கு விரலை எடுக்காதீங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தன் கருவிப்பெட்டியைத் திறந்து, அந்தத் திருகாணிக்குச் சரியான திருப்புளியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

பந்தயம் ஆரம்பமானதும் எல்லா வண்டிகளும் சீறிக்கொண்டு போயின. என் ஊதா வண்டி கோட்டருகில் நின்று ஊளையிட்டது. கிடங்கு முழுக்கச் சிரிப்பு. பின்பக்கம் பேட்டரி எடை கொஞ்சம் கூடுதல் என்பதால் பின்சக்கரம் ஒரு பிடி அதிகமாகப் பிடித்தது. அதனால் வண்டி நடுங்கி நடுங்கி, எறும்பு மாதிரி முன்னேறியது. நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை.

"அம்மா, உங்க வண்டிக்கு என்ன?" என்று நடுவர் கத்தினார்.

"கட்டினதுல தப்பு!" என்று நானும் கத்தினேன். தப்பாகக் கட்டக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரரின் வண்டி எனக்கு ஒரு கை தூரம் பின்னால் ஊர்ந்து வந்தது. மற்றவர்கள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் போனார்கள். இரண்டு பேரும் முதல் சுற்றையே முடிக்கவில்லை. முதல் வண்டி ஜெயித்துவிட்டால், மற்றவர்கள் எந்தச் சுற்றில் இருந்தாலும் அடுத்த தடவை கோட்டைத் தாண்டியதோடு பந்தயம் முடிந்தது. எனக்கு விசையை முழுசாக அழுத்திப் பிடித்து, வளைவில் கொஞ்சம் திருப்புவதைத் தவிர வேறு வேலையில்லை. அதனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கடைசிச் சுற்று என்று நடுவர் கூவினார். இவர் வண்டி முன்னால். வளைவு, வளைவு, பிறகு நேர்ப்பாதை. மோட்டார் சத்தம் எப்போது இறங்கும் என்று என் காது காத்துக்கொண்டிருந்தது.

சத்தம் இறங்கவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் இறங்கவில்லை.

கிடங்கே கைதட்டியது. இவர் யாரையும் பார்க்காமல் என் வண்டியையே பார்த்தார். அதற்குக் கோடு இன்னும் இரண்டு சாண். கண்ணாடிக்கடைக்காரர் எனக்கும் பின்னால், விசையில் விரல் பட்டும் படாமலும் இருக்க, நெற்றியெல்லாம் வியர்வை. மோட்டார் கருகுகிற வாசனை என் வண்டியிலிருந்து கிளம்பியது. திடீரென்று அவர் வண்டி நின்றது. நடுவர் எண்ண ஆரம்பித்தார். மூன்று என்றதும் கண்ணாடிக்கடைக்காரர் பயந்துபோய் விசையைத் தொட்டுவிட்டார். ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி அது. ஒரே பாய்ச்சலில் என்னைத் தாண்டி, கோட்டையும் தாண்டி, சோபாவுக்கு அடியில் போய் நின்றது. என் வண்டி அதற்குப் பிறகு ஊர்ந்து ஊர்ந்து கோட்டைத் தாண்டியது.

"கடைசி வண்டி யாருது?" என்றார் நடுவர், தெரியாததுபோல.

"என்னுது!" என்றேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

இவர் தன் வண்டியைக் கைக்குட்டையால் துடைத்து மேசைமேல் வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு பெட்டியை அவர் கையில் கொடுத்தேன். "நீங்க பெரிய ஆளுக்கா" என்றபடி கண்ணாடிக்கடைக்காரர் தன் பெட்டியை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் இவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "குடு."

"எதை?"

"வண்டியை."

"இது என் வண்டி. உங்க வண்டி அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. கட்டிக்கோங்க."

விளையாட்டில்லை என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. முகம் விழுந்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ஞாயிறே விரல் லேசாகிவிடும், எனக்குத் தெரியாதா? சில நாள் அந்தப் பெட்டி சாப்பாட்டு மேசையில் அப்படியே கிடந்தது. அதைச் சுற்றித் தட்டுகளை வைத்துக்கொண்டு, பேசாமல் சாப்பிட்டோம். பிறகு ஒரு சாயங்காலம், வாடிக்கைக்காரப் பெண் ஒருத்திக்கு இடுப்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தபோது, உள்ளே பிளாஸ்டிக் தாள் கிழிகிற சத்தம் கேட்டது. நான் துணிக்குப் பதில் அவளைக் குத்திவிட்டேன்.

அவர் புது வண்டியைக் கட்டி முடித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் அவருடைய பழைய வண்டியோடு மேசைமேல் ஏறினேன். இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒன்றை நான் முதல்முதலாக உபயோகித்தது அன்றைக்குத்தான். எப்படிச் சொல்வது? என் கை நினைப்பதற்குள் வண்டி அதைச் செய்தது. வளைவில் நான் திருப்பியது தப்பு என்றால்கூட, அது தப்பைக் கொஞ்சம் சரிக்கட்டிக்கொண்டு போனது. என்னை மாதிரி ஓட்டத் தெரியாதவளைக்கூட அவமானப்படுத்தாத வண்டி. அதற்குள் எவ்வளவு பொறுமை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இறங்கும்போது இவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"சரியா இருக்கா?"

நான் எதிலும் குறை கண்டுபிடிக்கிறவள். அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "ரொம்பச் சரியா இருக்குங்க" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அவர் என் முகத்தையே பார்த்தார், கண்ணாடி முன்னால் சுற்றுகிறவர்களின் முகத்தை நான் பார்க்கிற மாதிரி.

அடுத்த பந்தயத்தில் அவர் புது வண்டி ஓடியது. மேசைமேல் கண்ணாடிக்கடைக்காரரின் பழுத்த பெட்டி மட்டும் இருந்தது. நான் பெட்டி எதுவும் வைக்கவில்லை. கடைசிச் சுற்று, நேர்ப்பாதை. மோட்டார் சத்தத்தைக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். சத்தம் இறங்கவில்லை.

நடுவர் கூப்பிடுவதற்கு முன்பே இவர் வண்டியைத் துடைத்துக் கொண்டுபோய் கண்ணாடிக்கடைக்காரர் கையில் வைத்தார். இத்தனை வருஷம் காத்திருந்த அந்த மனுஷன் வண்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்த வாரம் ஓட்டிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு என்கிட்டயே சொல்லணும்" என்றார் இவர். "எங்கயாச்சும் உறுத்துனா கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்."

"வண்டி எப்படிண்ணே உறுத்தும்?" என்று கேட்டார் அவர்.

இவர் மூலை நசுங்கிய அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க, உள்ளே திருகாணிப் பைகள் குலுங்கும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கருவிப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன்.